ஐம்பத்து மூன்று வயது மைனர்

ஐம்பத்து மூன்று வயது ஆளை ‘அவன்’ என்று எழுதுவது மரியாதை இல்லைதான். தெரிந்தேதான் எழுதுகிறேன். முப்பத்தேழு வருடமாக ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிக்கிறேன். ‘மேற்படியார்’, ‘அன்னார்’ என்று கண்டவனுக்கெல்லாம் மரியாதை கொடுத்து விரல் தேய்ந்துவிட்டது. இவன் ஒருவன் விஷயத்திலாவது அதை மிச்சம் பிடித்துக்கொள்கிறேன்.

தெருவில் அவனுக்குப் பெயர் மைனர். அதை அவனுக்கு முதலில் வைத்தவள் நான்தான் என்று சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், எனக்கு இருபது வயது. பக்கத்துத் தெருவில் புத்தக பைண்டிங் கடை வைத்திருந்தவர் திடீரென்று இறந்துபோனார். மனைவி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். மிஞ்சியது ஒரு சின்ன வீடும் இரண்டு பிள்ளைகளும். மகளுக்கு இருபத்திரண்டு, மகனுக்குப் பதினாறு. வீடு இருவருக்கும் சரிபாதி. பதினாறு வயதுக்காரன் போடும் கையெழுத்து செல்லாது என்பதால், அவனுக்கும் அவன் பாதிக்கும் அக்காவைக் கார்டியனாக நியமிக்கும்படி கோர்ட்டில் மனுப் போட்டோம். நான் அடித்த முதல் பெரிய மனு அது. ‘மைனர்’ என்ற வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வந்தது. ‘மைனரின் நலனுக்காக’ என்பதை எத்தனை தடவை அடித்தேன் என்று அப்போதே சலித்துக்கொண்டது நினைவிருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் அது பாவமான ஒரு வார்த்தை. இன்னும் பதினெட்டு நிரம்பாதவன், அவனை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது, அவனுக்காக இன்னொருவர் யோசித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் பொருள். பிறந்த தேதி வந்தால் தானாக உதிர்ந்துவிடும். தெருவில் அதே வார்த்தைக்கு மேல் பட்டன் போடாத சட்டை, கழுத்தில் மெல்லிய செயின், ஆள் வருவதற்கு முன்னே வந்துவிடும் சென்ட் வாசனை, அடுத்தவர் உழைப்பில் ஒரு மிதப்பு. வக்கீல் வாயிலிருந்து தெருவுக்குப் போன வழியில் வார்த்தை எப்படி இப்படிக் கெட்டுப்போனது என்று நான் யோசித்ததுண்டு. இவனைப் பார்த்த பிறகு யோசிப்பதை விட்டுவிட்டேன். சட்டைக்குத் தெருவின் அர்த்தம், பொறுப்புக்குக் கோர்ட்டின் அர்த்தம் என்று இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

பதினெட்டு முடிந்த அன்று எங்கள் பெரிய வக்கீல் இருவரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்.

“இன்னையிலேர்ந்து நீ மேஜர்ப்பா. உன் பேப்பர்ல இனிமே நீதான் கையெழுத்துப் போடணும். அக்காவோட பொறுப்பு முடிஞ்சுது,” என்றார்.

அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். “அக்கா போடலேன்னா யார் போடுவா?” என்று கேட்டான்.

பெரிய வக்கீல் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்கும் வரவில்லை. “கொஞ்ச நாளைக்கு நானே பாத்துக்கறேன் சார். பழகிக்குவான்,” என்றார். அந்தக் கொஞ்ச நாள் முப்பத்தைந்து வருடம் ஓடியது.

தெருவில் எல்லோருக்கும் அவர் அக்காதான், அவரைவிட மூத்தவர்களுக்குக்கூட. அப்பாவின் பைண்டிங் அறையைத் தையல் கடையாக மாற்றினார். வீட்டின் முன்னறை அது. ஜன்னல் பெரியது, பகல் முழுக்க விளக்குப் போட வேண்டியதில்லை. ஜன்னலோரம் இரண்டு மெஷின், சுவரோரம் வெட்டும் மேசை, மேசைக்கு அடியில் துண்டுத் துணி மூட்டைகள். அப்பா பசை காய்ச்சிய தகர டப்பாக்களில் இப்போது பட்டன்கள் இருக்கின்றன. பள்ளிச் சீருடை, கால்சட்டை நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று எது வந்தாலும் தைப்பார். எங்கள் ஊர் வக்கீல்களின் கறுப்பு கவுன் பாதிக்கு மேல் அவர் கைவேலை. ஊசி ஏறி ஏறி இடது ஆள்காட்டி விரல் நுனி மரத்துப் போய்விட்டது, சூடு தெரியாது என்பார். அதையும் ஒரு சௌகரியம் மாதிரிதான் சொல்வார்.

அவன் வேலைக்கே போகவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஏழு வேலைக்குப் போனான். மரச்சாமான் கடையில், விற்க வேண்டிய சோபாவில் சாய்ந்து தூங்கினான். ஐந்தே நாள். தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிற வேலை, விரலில் மை ஒட்டுகிறது என்று விட்டான். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆனபோது ஊரெல்லாம் சுற்றி ஒரே ஒரு ஆளைப் பிடித்தான். அந்த ஆள் அக்கா. படிவத்தையும் அவரையே பூர்த்தி செய்யச் சொன்னான். மற்ற நான்கை எழுதினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும்.

கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில், “மாப்பிள்ளை என்ன பண்றார்?” என்று கேட்டதற்கு அக்காவின் முகத்தைப் பார்த்தானாம். அக்காவுக்கும் ஆகவில்லை. கணக்கு வாத்தியார் ஒருவர் நல்ல மாதிரி கேட்டு வந்தார். தம்பி மேஜர் ஆகட்டும் என்றார் அக்கா. ஆனான். ஒரு வேலையில் அமரட்டும் என்றார். அவன் சோபாவில் அமர்ந்த கதைதான் உங்களுக்குத் தெரியுமே. வாத்தியார் எவ்வளவு நாள் காத்திருப்பார்? மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அக்காவைப் பற்றியும் எனக்குக் கோபம் உண்டு. இப்படி ஒருவனை வளர்ப்பதற்கு இரண்டு பேர் வேண்டும்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் படிவம் வந்தாலும் அவன் படிக்க மாட்டான். வெட்டும் மேசையின் ஓரத்தில் வைத்து, மேலே கத்தரியை வைத்துவிட்டு, “அக்கா, இதையும் பாத்துடு,” என்பான். அக்கா முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். கார்டியனாக இருந்த இரண்டு வருடத்தில், படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே என்று பெரிய வக்கீல் பயமுறுத்தி வைத்த பழக்கம். படித்து, பூர்த்தி செய்து, கடைசியில் அவன் பெயரில் கையெழுத்தையும் போட்டுவிடுவார். பதினெட்டுக்கு முன்னால் ‘மைனருக்காக, கார்டியன்’ என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். பதினெட்டுக்குப் பிறகு அந்த இரண்டு வார்த்தையை விட்டுவிட்டு அவன் கையெழுத்தாகவே போட்டார். மாறியது அவ்வளவுதான். பேங்க், வீட்டு வரி, அடையாள அட்டை எல்லாவற்றிலும் அதே கை.

எனக்கு இது எப்போதோ தெரியும். உறுதிமொழிப் பத்திரம், விண்ணப்பம் என்று அவன் பெயரில் எங்கள் அலுவலகத்துக்கு வந்த தாள்களில் எல்லாம் கடைசி எழுத்தை முடித்த இடத்தில் நூலுக்கு முடிச்சுப் போட்டதுபோல ஒரு சின்னச் சுழி இருக்கும். அக்காவின் சுழி. பார்ப்பேன், கோப்பில் வைப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். தப்பென்று தெரிந்தும் முப்பத்தைந்து வருடம் கோப்பில் வைத்தவள், மற்றவர்களைப் பற்றிப் பேச வந்துவிட்டேன்.

போன மாதம் அவன் ஒரு காரியம் செய்தான். அவன் வாழ்க்கையில் தானாகச் செய்த ஒரே காரியம் என்பதால் விவரமாகச் சொல்கிறேன்.

அக்கா வீட்டை ஒட்டி ஒரு மருந்துக்கடை. கடைக்காரருக்கு இடம் போதவில்லை. நடுச்சுவரை இடித்தால் அக்காவின் முன்னறை அப்படியே கடையோடு சேர்ந்துவிடும். அக்காவிடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். “இது போனா நான் எங்க உக்காந்து தைப்பேன்?” என்று அனுப்பிவிட்டார். மூன்றாவது முறை கடைக்காரர் மைனரிடம் பேசினார். பாதி வீடு தன் பெயரில் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முன்னறை தன் பாதி, பின்னறையும் சமையலறையும் அக்கா பாதி என்று அவனே பாகம் பிரித்துவிட்டான். அவனும் கடைக்காரருமாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். பெரிய வக்கீல் காலமாகிவிட்டார். இப்போது அந்த நாற்காலியில் அவர் மகன். பழைய கதை அவருக்குத் தெரியாது.

“அக்காவுக்குத் தெரியுமா?” என்று கேட்டார் வக்கீல்.

“சொல்லிக்கலாம் சார். வயசாயிடுச்சு. எதுக்கு இன்னமும் தைச்சுக்கிட்டு? ஒரு வகையில அவங்க நல்லதுக்குத்தான்,” என்றான்.

அவங்க நல்லதுக்கு. ‘மைனரின் நலனுக்காக’ என்று நான் அடித்த மனுவிலிருந்து அவன் கற்றுக்கொண்டது இதுதான். மூஞ்சியில் காறித் துப்பலாம் போல இருந்தது. ஆனால் எனக்குச் சம்பளம் துப்புவதற்கு இல்லை. விற்பனை ஒப்பந்தத்தை அடித்து, இரண்டு பிரதி எடுத்து, கையெழுத்துக்கு வைத்தேன்.

வக்கீல் பேனாவை நீட்டினார்.

“வீட்டுக்குக் கொண்டுபோய் போட்டுட்டு வந்துடறேன் சார்,” என்றான்.

“ஏன், இங்க மேசை ஆடுதா?”

வேறு வழியில்லாமல் பேனாவை வாங்கினான். வக்கீல் எச்சரிக்கையான ஆள். முதலில் ஒரு வெள்ளைத் தாளில் போடச் சொன்னார். அவன் போட்டான். அடையாள அட்டையின் பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். முதலில் போட்டதற்கும் அட்டைக்கும் ஒட்டவில்லை. இரண்டாவது, முதலாவதோடுகூட ஒட்டவில்லை.

“என்னப்பா இது?”

“கையில ஒரு வலி சார். ரெண்டு நாளா.”

“அட்டையில இருக்கற மாதிரியே போட்டு, நாளைக்குக் காலையில கொண்டா. இல்லேன்னா பதிவு பண்ற இடத்துல மூஞ்சிலயே தூக்கி எறிவாங்க.”

ஒப்பந்தத்தை உறையில் போட்டுக்கொண்டு போனான். அது எங்கே போகிறது, யார் கைக்குப் போகிறது என்று அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அக்காவின் கடையைப் பறிக்கும் தாளுக்கு அக்காவிடமே கையெழுத்து வாங்கப் போகிறான். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து, பக்கத்துத் தெருவுக்குப் போய், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அலுவலக விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு மருந்துக்கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். பத்தரைக்கு மைனர் வந்தான். புதுச்சாயம் பூசிய மீசை, இஸ்திரி கலையாத சட்டை. அந்தச் சட்டையும் அக்கா தைத்ததுதான். உறையை மேசையில் போட்டுவிட்டுக் கால்மேல் கால் போட்டுக்கொண்டான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவன் பார்க்கவில்லை. பார்க்கும் பழக்கம் அவனுக்கு இல்லை.

வக்கீல் தாளைப் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார். “ஏம்மா, இங்க வா. இது என்னன்னு பாரு,” என்று என்னைக் கூப்பிட்டார்.

அவன் கையெழுத்துப் போட வேண்டிய கோட்டில், அக்கா தன் பெயரில் கையெழுத்துப் போட்டிருந்தார். கடைசியில் அதே சுழி. கீழே கொட்டை எழுத்தில், ‘மைனருக்காக, கார்டியன்’.

நான் அதைச் சத்தமாகவே படித்தேன். யாரும் படிக்கச் சொல்லவில்லை.

“மைனரா? இதுல யாரு மைனர்?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“நான்தாங்க,” என்றான் அவன், பெயர் காதில் விழுந்தால் குரல் கொடுக்கும் பழக்கத்தில். சொன்ன பிறகுதான் வாயை மூடினான்.

வக்கீல் அவனை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தார். “மைனர் சொத்தைக் கோர்ட் அனுமதி இல்லாம கார்டியன் விக்க முடியாது. அது கிடக்கட்டும். உன் கையெழுத்து எங்கப்பா?”

“அது... வீட்ல இருக்கு சார். அக்காகிட்ட.”

மருந்துக்கடைக்காரர் எழுந்துவிட்டார். “அப்ப அட்டையில இருக்கறது யாரு போட்டது? பேங்க்ல இருக்கறது? நாளைக்கு இதே ஆளு, நான் போடவே இல்லைன்னு நின்னா நான் எங்க போவேன்? எனக்கு இந்த வம்பே வேணாம் சார்,” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மைனர் என்னிடம், “அக்கா என்னை அவமானப்படுத்திட்டா மேடம்,” என்றான். நாலு பேர் முன்னால் அடிபட்ட குழந்தையின் முகம். ஐம்பத்து மூன்று வயதில் அந்த முகத்தை வைத்துக்கொள்ள ஒருவனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

அன்று மாலை வேலை முடிந்ததும் அக்காவிடம் போனேன். போக வேண்டியது முந்தைய நாள். அக்கா மெஷினில் இல்லை, ஜன்னலோரம் கையால் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். வக்கீல் கோட் ஒன்று மடியில் கிடந்தது.

“நேத்தே வந்து சொல்லியிருக்கணும்,” என்றேன்.

“நீங்க சொல்லாட்டி என்ன, பேப்பர் சொல்லிடுச்சு. வரி பேப்பர்னு சொல்லி வெச்சுட்டுப் போனான். நான் எல்லாத்தையும் படிப்பேன்னு இத்தனை வருஷத்துல அவனுக்குத் தெரியவே இல்ல பாருங்க.”

“கோவம் வரலையாக்கா?”

“வந்துச்சு. கையில கத்தரி இருந்துச்சு. கீழ வெச்சுட்டேன். ரொம்ப நேரம் எதையும் வெட்டல.” ஊசியில் நூல் தீர்ந்துவிட்டது. புது நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார். “அவன் பேர்ல எத்தனை கையெழுத்துப் போட்டிருப்பேன். எல்லாம் பொய். இது ஒண்ணுதான் உண்மையா போட்டேன்.”

நான் வேறு கேள்வி கேட்டேன். “வேற வக்கீல்கிட்ட போனா?”

“போகட்டும். முதல்ல கையெழுத்துன்னு ஒண்ணைக் கத்துக்கணும். அப்புறம் அட்டையில மாத்தணும், பேங்க்ல மாத்தணும், வரி ஆபீஸ்ல மாத்தணும். மூணு ஆபீசு, மூணு வரிசை. அவனா நிப்பான்?”

சிரித்துவிட்டேன். இத்தனை காலம் அந்த வீட்டைத் தின்ற சோம்பேறித்தனம்தான் இனி அந்த வீட்டுக்குக் காவல். அக்கா சிரிக்கவில்லை. “இனிமே போடறதா இல்ல,” என்று மட்டும் சொன்னார், பாதி தனக்கே சொல்லிக்கொள்வது போல. அதை நான் அரைகுறையாகத்தான் நம்பினேன். முப்பத்தைந்து வருடப் பழக்கத்தை ஒரு வாக்கியத்தில் விட்டவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

செல்லாத ஒப்பந்தத்தை அவனிடம் திருப்பி ஒப்படைக்கச் சொன்னார் வக்கீல். நடந்து போனால் நாலு நிமிஷம். நான் உறையில் போட்டு, அவன் பெயரைத் தெளிவாக அடித்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். வேண்டுமென்றேதான். பதிவுத் தபாலைப் பெயருக்கு உரியவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, தபால் வரும் நேரமாகப் பார்த்து, ஓரம் பிரியாத ஒரு பாவாடையை ஓரம் அடிக்க எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் உட்கார்ந்தேன்.

பதினொன்றரைக்குத் தபால்காரர் வந்தார். தெருவுக்குப் புதியவர், முப்பது வயது இருக்கும். வாசலில் நின்று முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயர் யாருடையது என்று எனக்கே ஒரு நொடி பிடிபடவில்லை. மைனர் வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாளில் சினிமாப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்தான்.

“இங்க ஒரு கையெழுத்து போடுங்க.”

அவன் உள்ளே திரும்பி, “அக்கா,” என்றான்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“அக்கா, தபால் வந்திருக்கு.”

அக்காவின் கால் மிதியில் ஒரு கணம் தயங்கியது. நான் பார்த்தேன். ஊசி பாதித் துணியில் நின்றது. உடம்பு எழுந்திருக்கப் பார்க்கிறது என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது. என் பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் மறுபடி மிதித்தார். சத்தம் முன்னைவிட வேகமாகக் கிளம்பியது.

அவன் தபால்காரரிடம் திரும்பினான். “எங்க போடணும்?” என்று கேட்டான்.

அவர் விரலால் காட்டினார். மைனர் தாளைச் சுவரில் வைத்து, பேனாவைக் குழந்தை பிடிப்பது போல் பிடித்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். கட்டத்துக்குள் அடங்கவில்லை, கடைசி இரண்டு எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. தபால்காரர் வாங்கிப் பார்த்தார். நல்ல பையன், சிரிக்கவில்லை.

“பரவால்ல பெரியவரே, கீழ இன்னொரு தடவை போடுங்க,” என்றார்.

அந்த வீட்டில் இத்தனை வருடத்தில் அவனை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. மைனர் பேனாவைப் பிடித்தபடியே, பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான்.